கிள்ளியல்: மூலம் இல்லா உரை

பாயிரம்

வீட்டுச்செடிகளை விதை இன்றிப் பெருக்கும் வழிகளைத் தொகுத்தும் வகுத்தும் உரைப்பது இந்நூல். கிள்ளுதல் என்பது இங்கே பொதுச்சொல். ஒடித்தல், வெட்டுதல், பிய்த்தல், நகத்தால் நறுக்குதல், "தொட்டேங்க, கையோட வந்துடுச்சு" என்று பின்னால் விளக்கம் சொல்ல நேரும் செயல்கள் யாவும் அதனுள் அடங்கும். விதையால் வருவன இந்நூலின் எல்லைக்குள் வாரா. ஒட்டுக்கட்டுவோர் தமக்கென வேறு நூல் உடையர். அவர்களிடம் வேறு கத்தியும் உண்டு.

முன்னோர் இத்துறையைச் சும்மா விட்டுவிடவில்லை. கிரேக்கத்துத் தியோபிராஸ்டஸ் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே, செடிகள் விதையால் வரும், வேரால் வரும், பிய்த்த துண்டால் வரும், கிளையால் வரும், சிறு மரச்சில்லாலும் வரும் என்று வரிசைப்படுத்தினார். வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் பலா, அசோகு, மாதுளை, திராட்சை முதலியவற்றைத் தண்டு நட்டு வளர்க்கலாம் என்றார். நடுமுன் சாணம் பூசுக என்றும் விதித்தார். தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களில் வைத்து, வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று பிரித்துக் கொடுத்தார். மூவரும் வணங்கத்தக்கோர். ஆயினும் அம்மூவரில் ஒருவரும் மூன்றாம் மாடியில், மேற்குப் பார்த்த பால்கனியில், பக்கத்து வீட்டுக் கொடியை எட்டிப் பார்த்துக்கொண்டு குடியிருந்தவர் அல்லர். ஆகவே இந்நூல் வேண்டியதாயிற்று.

நூல் என்றால் மறுக்கப்படுவதற்கு ஒரு கட்சி வேண்டும். இந்நூலின் எதிர்க்கட்சியினர் கைராசியார். "அவங்க கைராசிங்க, குச்சிய நட்டாலும் துளிர்க்கும், நமக்கு முருங்கைப் போத்துகூட வராது" என்பது அவர் கோட்பாடு. வேர் விடுவதும் விடாததும் நடுபவர் உள்ளங்கையில் உள்ள ஏதோ ஒன்றால் தீர்மானமாகிறது. அது பிறவியிலேயே வருவது. ஏனோ எப்போதும் அடுத்த தெருக்காரருக்கே வாய்ப்பது. இந்நூலார் கட்சி கணுவாதம். கை யாருடையதாயினும் ஆகுக, துண்டில் கணு இருந்ததா, இல்லையா? கேள்வி அவ்வளவே. இனி வரும் இயல்கள் எல்லாம் இந்த வழக்கின் விசாரணை என்று கொள்க.

களவியல்

துண்டு வீட்டுக்குள் வரும் வழி மூன்று: கொடை, விலை, களவு.

இவற்றுள் விலையைப் பற்றி உரைக்க ஒன்றும் இல்லை. நர்சரிக்காரர் எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லா வரும் சார்" என்பார். பணம் இருந்தால் போதும்.

கொடை நுட்பமானது. பெறுபவர் நேரடியாகக் கேட்பதில்லை. முதலில், "அக்கா, இந்தச் செடி எப்படி இவ்ளோ அடர்த்தியா வந்திருக்கு?" என்பார். அடுத்து, "இது ஒடிச்சு வெச்சா வருமா?" என்பார். இரண்டாவது வாக்கியத்தைத் தாவரவியல் ஐயமாகக் கொண்டு, "வருமே, நல்லா வரும்" என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு உள்ளே போகிறவர் கொடையாளர் ஆகார். "அதுக்கென்னம்மா, எடுத்துக்கோ" என்பதே முறையான விடை. ஆயினும் விளக்கு வைத்த பிறகு கேட்டால், "செடி தூங்குது, காலைல வா" என்று திருப்பி அனுப்பப்படும். இதை மூடநம்பிக்கை என்று இகழற்க. விடியற்காலையில் தண்டு நீர் நிரம்பி விறைத்து நிற்கும். துண்டு எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. பாட்டி காரணத்தை மாற்றிச் சொன்னாள், நேரத்தைச் சரியாகச் சொன்னாள்.

கொடையாளரும் இரு வகையர். ஒருவர் செழித்த கொடியின் நடுவே கத்தரிக்கோல் வைப்பார். மற்றொருவர், எப்படியும் கழிக்கவிருந்த, மஞ்சள் பாய்ந்த, நுனி கருகிய கிளையைத் தேடிப்பிடித்து மனமுவந்து தருவார். பின்னவர் தந்ததை வாங்கி நட்டு அது செத்துப்போனால் கைராசியார் உடனே வந்து நிற்பர். அச்சாவு கொடுக்கப்பட்ட அன்றே நிகழ்ந்தது என்பது கணுவாதியர் விடை.

களவு என்பது பெரும்பாலும் மணி பிளாண்டின் மேற்று. திருடி வைத்தால்தான் மணி பிளாண்ட் வளரும், காசு கொடுத்து வாங்கினால் வளராது என்பது ஊரறிந்த கொள்கை. கண்ணியமான அரசு ஊழியர்கள், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியைகள், ஏகாதசி விரதக்காரர்கள் எனப் பலரும் இக்கொள்கையின் பேரால் மாடிப்படி வளைவில் கை நீட்டியிருக்கிறார்கள். சில வீடுகளில் உடைமையாளரே, "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், நீங்க திருடிக்கோங்க" என்று ஒத்துழைப்பதும் உண்டு. அது களவின் பாற்படுமா, கொடையின் பாற்படுமா என்பதில் ஆசிரியர்கள் வேறுபடுவர்.

கொள்கையை ஆராய்வோம். மணி பிளாண்டின் பிறப்பிடம் பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவு. அது பூப்பது மிக அரிது. ஜிப்பரெல்லின் என்னும் ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரிவர இயங்காததே காரணம் என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லையேல் விதை இல்லை. விதை இல்லையேல் உலகெங்கும் சன்னலோரங்களில் தொங்கும் மணி பிளாண்டுகள் எல்லாம் யாரோ ஒருவர் வெட்டி, இன்னொருவர் வாங்கி, கைமாறிக் கைமாறி வந்த துண்டுகளே. அதாவது விற்பதும் அதே செடி, கொடுப்பதும் அதே செடி, திருடுவதும் அதே செடி. அற்றேல் திருடியது மட்டும் ஏன் செழிக்கிறது? திருடுபவருக்குத் தேர்ந்தெடுக்க நேரம் இல்லை. கைக்கு எட்டுவது சுவருக்கு வெளியே தொங்கும் இளங்கொடியின் நுனி. அதில் கணுக்கள் மூன்று நான்கு இருக்கும், காற்றுவேரும் முளைத்திருக்கும். வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. களவுக்கு இதில் பங்கில்லை, அவசரத்துக்கு உண்டு.

உறுப்பியல்

கிள்ளப்படும் உறுப்பு இரண்டு: தண்டு, இலை. வேரையும் கிழங்கையும் பிரித்து நடுவது பாகப்பிரிவினை எனப்படும். அதில் யாருக்கும் ஐயம் இல்லாமையால் விடுக்கப்பட்டது.

தண்டுக்கு உயிர்நிலை கணு. அஃது யாதோ எனின், ஒரு மணி பிளாண்ட் கொடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காண்க. இலைக்காம்பு தண்டைச் சேரும் இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று சுற்றி ஓடும். காம்புக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில், விரலால் தடவினால் மட்டும் தெரியக்கூடிய சிறு மேடு ஒன்று இருக்கும். அது உறங்கும் மொட்டு. அதே கணுவில் பழுப்பு நிறத்தில் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பது காற்றுவேர். பலர் அதைக் காய்ந்துபோன ஏதோ ஒன்று என்று சுரண்டி எடுத்துத் துண்டைச் 'சுத்தம்' செய்வர். ஊன்ற வேண்டிய காலை அவர்கள் சுத்தத்தின் பேரால் வெட்டி எறிந்தார்கள் என்க. இலையும் மொட்டும் வேரும் சேர்ந்த இந்தக் கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டு விழ வேண்டும். பத்து நாளில் அந்தக் காற்றுவேர் வெள்ளை நூலாக நீளத் தொடங்கும்.

இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள வழவழப்பான பகுதி கணுவிடை. கணுவிடையை மட்டும் வெட்டி வைத்தால் அது சில வாரம் பச்சையாக இருந்து நம்மை நம்பவைத்து, பிறகு ஒருநாள் கொழகொழத்துப் போகும். கைராசி இல்லை என்று கைவிடப்பட்ட துண்டுகளைப் பரிசோதித்தால் அவற்றில் பெரும்பாலானவை கணுவிடைகளாக இருக்கக் காணலாம்.

உள்ளே நடப்பது இது. நுனித்தளிரில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஹார்மோன் தண்டு வழியே கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். வெட்டியதும் வழி அடைபட்டு வெட்டுவாய்க்கு அருகே தேங்கும். தேங்கிய இடத்தில் சில செல்கள் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வேராக மாறத் தொடங்கும். பள்ளிப் பாடநூல் இதை வேற்றிட வேர் என்னும். நுனி இல்லாத, இலை எல்லாம் உருவப்பட்ட மொட்டைக் குச்சி வேர்விடத் தாமதிப்பதற்குக் காரணமும் இதுவே: மேலிருந்து அனுப்ப அங்கே ஆள் இல்லை.

இனி மேல், கீழ் என்னும் திசை. ஹெர்மன் ஃபொஹ்டிங் என்ற ஜெர்மானியர் 1878-இல் வெளியிட்ட ஆய்வில் வில்லோ மரத்தின் கிளைத்துண்டுகளை ஈரக்காற்று நிறைந்த ஜாடிக்குள் தொங்கவிட்டார். சிலவற்றைத் தலைகீழாகவும் தொங்கவிட்டார். தலைகீழாகத் தொங்கியவற்றிலும் அடிமுனையில்தான் வேர் முந்தியது, அது இப்போது மேலே இருந்தபோதிலும். செடிக்குத் தன் தலை எது, கால் எது என்று தெரியும், நமக்குத்தான் தெரியாது. இலை இருந்தால் குழப்பம் இல்லை. செம்பருத்தி, பன்னீர் ரோஜா, டிரசீனா ஆகியவற்றின் குச்சிகளை இலை உருவிக் கட்டாகக் கட்டிப் பையில் போட்டு, பேருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்து, வீடு வந்து சேர்ந்தபின் எந்தப் பக்கம் மேல் என்று கண்டுபிடிப்பது எளிதன்று. ஆகவே தொழில் தெரிந்தவர்கள் அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டுவர். இச்சிறு வழக்கத்தைக் கடைப்பிடிப்பவருக்குக் கைராசி இருப்பதாக ஊரில் பேசிக்கொள்வர்.

தண்டு வகையுள் ஓமவல்லி தனித்து நிற்பது. எங்கே ஒடித்தாலும், எப்படிச் செருகினாலும், மறந்துபோய்ச் சமையலறை மேடையில் விட்டுவிட்டுத் திருச்செந்தூர் போய் வந்து நட்டாலும் வரும். கைராசி உண்டு என்று நிறுவ விரும்புவோர் எல்லாம் ஓமவல்லியிலேயே தொடங்குவர். அதை நட்டு வெற்றி பெற்றதைச் சான்றாக இந்நூல் ஏற்காது.

இலைக்கு வருவோம். இவ்வியலில் செழிப்பான பகுதி இதுவே. தண்டு ஏற்கெனவே பாதிச் செடி. அதில் மொட்டு உண்டு, வேர் மட்டுமே பாக்கி. இலையோ வேரையும் புதிதாக உண்டாக்க வேண்டும், தளிரையும் புதிதாக உண்டாக்க வேண்டும். வேர் விடும் இலைகள் பல. செடி ஆகும் இலைகள் சில.

தானே குட்டி போடுவது ரணகள்ளி. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் சிறுநீரகக் கல் வைத்தியத்துக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட செடி. அதன் இலையோரத்துப் பல் இடுக்குகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கரு உறங்குகிறது. செடியில் இருக்கும்வரை இலை பெரும்பாலும் வாளாவிருக்கும். பறித்துப் போட்டதும், மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், அலமாரியின் மேல் கிடந்தாலும் இடுக்குதோறும் இரண்டு இலையும் நாலு வேருமாகக் குட்டிகள் எழும். ஜெர்மன் கவி கோதே இச்செடியின் மேல் தீராத பித்துக் கொண்டவர். குட்டிகளை நண்பர்களுக்குக் கொடுத்து மகிழ்ந்தவர். நம் பள்ளிக்கூடங்களில் இதற்கு வேறு பெருமை. நோட்டுப் புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்து அரிசி போட்டுக் காத்திருந்த பிள்ளைகளுக்கு மயிலிறகு ஒருநாளும் குட்டி போட்டதில்லை. பக்கத்துப் பெஞ்சில் ரணகள்ளி இலை வைத்தவனுக்குப் போட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய இலை அது ஒன்றே.

துண்டாலும் வருவது ஸ்நேக் பிளாண்ட். மாமியார் நாக்கு என்றும் சொல்வர். அப்பெயர் குறித்து இந்நூல் எக்கருத்தும் கூறாது. நம் வறண்ட காட்டு மருள் இதற்கு நெருங்கிய உறவு. அதன் நாரில்தான் பழங்காலத்தில் வில்நாண் திரித்தார்கள். நீண்ட இலையை நாலு விரல் அளவுத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு நாள் நிழலில் வெட்டுவாய் காயவைத்து, அடிப்பக்கம் கீழே இருக்குமாறு ஈரமணலில் செருகினால், ஓரிரு மாதத்தில் வேர் இறங்கும். மண்ணுக்குள் கிழங்கு ஓடி அதன்பின் பொறுமை சோதித்துத் தளிர் எழும். இங்கே ஒரு விலக்கு உண்டு. இலையோரம் மஞ்சள் கரை போட்ட வகையைத் துண்டு நட்டால், வரும் பிள்ளைக்குக் கரை இராது. முழுப் பச்சையாகவே வரும். அந்த மஞ்சள் கரை தனி மரபுடைய செல்களின் வரிசை. தளிர் எழுவது உள்ளிருக்கும் பச்சை வரிசையிலிருந்து. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சினப்பவர் இவ்விதியை அறியாதவர். கரை வேண்டுவோர் கிழங்கோடு பிரித்து நடுக.

கிழங்கு வழியே தாமதமாக வருவது இசட்-இசட். பளபளவென்று மெழுகு பூசிய சிற்றிலையைக் காம்போடு பிடுங்கி மண்ணில் குத்தி வைத்தால் வாரங்கள் போகும், மாதங்கள் போகும், மேலே ஒரு மாற்றமும் தெரியாது. உள்ளே இலையின் அடி பருத்து, கொண்டைக்கடலை அளவுக் கிழங்கு ஒன்று திரண்டு, அதன் கீழ் வேர் விட்டிருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறட்சிக்குப் பழகிய செடி ஆதலால் முதலில் சேமிப்பு, பிறகே செலவு. தளிர் காண அரை ஆண்டு ஆகும், ஓராண்டும் ஆகலாம். இதை நட்டவர் ஒரு முறையாவது பிடுங்கிப் பார்த்திருப்பார். பிடுங்கிப் பார்த்தல் பற்றிச் சாவியலுள் கூறப்படும்.

நரம்பால் வருவது ரெக்ஸ் பிகோனியா. அஸ்ஸாம் மலைக்காடுகளின் பிள்ளை. நம் பக்கம் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வீட்டுச் சன்னல்களில்தான் மகிழ்ச்சியாக இருக்கும். இலையைக் கவிழ்த்து, தடித்த நரம்புகளைப் பிளேடால் அங்கங்கே கீறி, கீறிய முகம் ஈரமண்ணைத் தொடும்படி பரப்பி, குண்டூசியோ கூழாங்கல்லோ வைத்து அழுத்திவிட்டால், கீறல்தோறும் ஒரு செடி எழும். சமவெளிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சித்திரையில் முயல வேண்டாம். ஆப்பிரிக்க வயலட், பெப்பரோமியா ஆகியவை காம்போடு நட்டால் வரும் என்று மட்டும் குறித்து நகர்வோம். ஜேட், எச்செவேரியா முதலிய சதைப்பற்று வகைகளில் இலையை அடியோடு திருகி எடுக்க வேண்டும்; பாதியில் முறிந்தால் அடியில் உள்ள தளிர்க்கரு தண்டோடு தங்கிவிடும்.

எஞ்சியது ஏமாற்று இலை. இதற்கு இலக்கணம்: வேர் விடும், வாடாது, பல்லாண்டு வாழும், செடி ஆகாது. இதில் தலையாயது ஹோயா கெர்ரி. இதய வடிவில் தடித்த ஒற்றை இலை, சின்னத் தொட்டியில் செருகப்பட்டு, பிப்ரவரி 14-ஐ ஒட்டிப் பரிசுக் கடைகளில் விற்கப்படும். வாங்கியவர், அன்புக்கு அடையாளமாக அது கொடி ஆகி வீடு முழுதும் படரும் என்று எதிர்பார்ப்பார். இலையோடு சிறிதளவேனும் தண்டும் கணுவும் சேர்ந்து வந்திருந்தால் அதற்கு வாய்ப்புண்டு. வெறும் இலையாக வந்திருந்தால் அது அப்படியே, பச்சையாக, ஆரோக்கியமாக, ஐந்தாறு ஆண்டானாலும் ஒற்றை இலையாகவே உட்கார்ந்திருக்கும். மணி பிளாண்ட் இலையைக் காம்போடு மட்டும் பறித்துத் தண்ணீரில் வைத்தாலும் இதே கதி. வேர் வந்துவிட்டதே என்று கைராசியார் கொண்டாடுவர். வேர் வந்தது மெய். மொட்டு எங்கிருந்து வரும்?

மருந்தியல்

வெட்டுவாயில் பூசப்படுவன பல. சாணம் வராகமிகிரர் கண்டது. மஞ்சள்தூள், தேன், பட்டைத்தூள், கற்றாழைச் சோறு, முருங்கையிலைச் சாறு, இளநீர் ஆகியன பின்னோர் சேர்த்தவை. விற்பனையில் கிடைக்கும் வேர்த்தூளில் இருப்பது ஐ.பி.ஏ. என்னும் ஆக்சின். 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்ப்சன் ஆய்வு நிறுவனத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும் இது வேரைத் தூண்டுவதைக் காட்டினர். முற்றிய குச்சிகளுக்கு அது உதவும். மணி பிளாண்டுக்கும் ஓமவல்லிக்கும் அதைப் பூசுவது வீண் செலவு.

பட்டைத்தூளும் மஞ்சளும் வெட்டுவாயில் பூஞ்சை ஏறாமல் ஓரளவு தடுக்கும். வேரை வரவழைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. தேனில் இருப்பது சர்க்கரை, எறும்பு வரும். இளநீரின் கதை சுவையானது. அதில் சைட்டோகைனின் என்னும் ஹார்மோன் உண்டு, முருங்கையிலையிலும் உண்டு. திசு வளர்ப்புக்கூடங்களில் இளநீரை மெய்யாகவே பயன்படுத்துகிறார்கள். இதைக் கேட்டவர்கள் இளநீரில் துண்டை ஊறவைத்தார்கள். ஆனால் 1957-இல் ஸ்கூக், மில்லர் என்னும் இருவர் புகையிலைத் திசுவில் காட்டியது என்ன? ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர். வேர் வேண்டி நிற்பவர் இளநீர் ஊற்றுவது எதிர்த்திசை வண்டியில் ஏறுவதற்கு ஒப்பாகும். போதாததற்கு அதிலுள்ள சர்க்கரை, இரண்டே நாளில் பாட்டிலை நாறவைக்கும். ஆகவே இளநீரை நட்டவர் குடிப்பதே மரபு என்க.

கலனியல்

தண்ணீரில் வேர் பிடிக்கவைக்கும் கலங்களுள் முதன்மையானது ஹார்லிக்ஸ் பாட்டில். கண்ணாடியில் வந்த காலத்தது, மூடி தொலைந்தது, லேபிள் ஊறவைத்து உரித்தது, உரிக்கும்போது மூலையில் சிறிது ஒட்டிக்கொண்டு இன்றுவரை போகாதது. அடுத்துத் தயிர் டப்பா, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில், பிரியாணி டப்பா. இவற்றுள் ஒளி ஊடுருவும் கலங்களில் பாசி படியும். வேருக்கும் இருட்டே உகந்தது. இந்த அளவுகோலில் பார்த்தால் தாவரவியல் நோக்கில் தலைசிறந்தது பழுப்பு நிற பீர் பாட்டில். கழுத்துக் குறுகலாக இருப்பதால் தண்டும் சாயாமல் நிற்கும். ஆனால் அதை வரவேற்பறையில் வைப்பதற்கு வீட்டில் ஒப்புதல் கிடைப்பதில்லை. கிடைத்த வீடுகளிலும், "இது பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது" என்று வருவோர் கேட்குமுன்பே சொல்லப்படும்.

இனி விளையாட்டன்று. இக்கலங்களில் வேரோடு வளரும் இன்னோர் உயிர் உண்டு: ஏடிஸ் கொசு. அது நல்ல தண்ணீரையே நாடும். பாட்டிலின் உள்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டைகளை ஒட்டிவைக்கும். அம்முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நனைந்ததும் பொரித்து, நம் வெயிலில் ஏழு முதல் பத்து நாளுக்குள் கொசுவாகப் பறக்கும். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு தடுப்புப் பணியாளர் டார்ச் லைட்டோடு வந்து பால்கனியைச் சுற்றிப் பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போனால் அவர்மேல் பிழை இல்லை. கவிழ்த்த பாட்டிலிலிருந்து கொடியை எடுத்து மண்ணில் நட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று அங்குலம் வேர் வந்திருந்தால் அதுவே சரியான பருவமும்கூட. தண்ணீரிலேயே நெடுநாள் பழகிய வேர் மண்ணில் இறங்கத் தயங்கும்.

உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் இலைநுனி கருகும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரைச் 'செடிக்காவது ஆகட்டுமே' என்று பிடித்துவைப்பவர்கள் உப்பைத் திரட்டிக் கொடுக்கிறார்கள். அரிசி கழுவிய நீர் தொட்டிச்செடிக்கு ஆகும். பாட்டிலுக்கு ஆகாது, புளிக்கும்.

மண் வேண்டுவோர்க்குக் கோகோபீட் பாதியும் மணல் பாதியும் போதும். உரம் இப்போது வேண்டாம். வேரே இல்லாததற்குச் சோறு போடுவது எவ்வழி?

காலவியல்

ஆடிப்பட்டம் விதைக்கு. துண்டுக்கு ஐப்பசி, கார்த்திகை: காற்றில் ஈரம் இருக்கும், வெயில் கடுமை குறைந்திருக்கும். கத்திரி வெயிலில் நட்டே தீர வேண்டும் என்பவர் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து நிழலில் வைக்க. வெயிலில் வைத்தால் அவியும்.

சாவியல்

சாவுகள் பல, முகாமையானவை மட்டும் கூறுவாம். அடி கறுத்துக் குழைந்து சாவது அழுகல். ஈரம் மிகுதி, காற்று இல்லை, அன்பு அதிகம். தினம் மூன்று வேளை தண்ணீர் ஊற்றும் ஓய்வூதியர் வீடுகளில் இது மிகுதி. காய்ந்து சாவது பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் வீட்டில் நிகழ்வது. இதற்குச் சாட்சி யாரும் இரார்.

பொய்த்தளிர்ச் சாவு மிகக் கொடியது. செம்பருத்திக் குச்சியோ ரோஜாக் குச்சியோ நட்ட பத்தாம் நாள் துளிர்விடும். வீட்டில் எல்லாருக்கும் போன் போகும். ஒளிப்படம் குடும்ப வாட்ஸ்அப்பில் ஏறும். "உன் கைராசிடா" என்று அத்தை எழுதுவார். மறுவாரம் துளிர் துவண்டு, குச்சி சுருங்கிக் கறுக்கும். நடந்தது யாது? குச்சிக்குள் சேமித்திருந்த மாவுச்சத்தைக் கொண்டு மொட்டு விரிந்தது. வேர் இன்னும் வரவில்லை. இலை தண்ணீரைச் செலவழித்தது. கீழிருந்து வரவு இல்லை. துளிரை நம்பற்க. மெல்ல இழுத்துப்பார்த்தால் தடுத்து நிற்கிறதா என்பதே சோதனை.

இழுத்துப்பார்த்தல் வேறு, பிடுங்கிப்பார்த்தல் வேறு. முன்னது விரல்நுனியால், மாதம் ஒரு முறை. பின்னது "வேர் வந்துச்சா பாப்போம்" என்று தினமும் காலை காப்பிக்கு முன் நிகழ்வது. வேர்முனையை ஒட்டி முடியினும் மெல்லிய தூவிகள் மண் துகளைப் பற்றிக்கொண்டிருக்கும். பிடுங்கும்தோறும் அவை அறும். செடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கைராசி உடையோர் என்று ஊரார் சுட்டும் பெரியோர் பலரைக் கூர்ந்து நோக்கியதில், அவர்களுக்குப் பொதுவாக இருந்த பண்பு ஒன்றே: நட்டுவிட்டு மறந்துபோவார்கள். எனவே கைராசி என்பது கையின் குணம் அன்று, மறதியின் குணம் என்பது பெறப்பட்டது. கைராசியார் இதனை உடன்படார்.

புறனடை

மணி பிளாண்ட் எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் நூலோரே தடுமாறினர். 1880-இல் போத்தோஸ் என்றார்கள். பின்னர் சின்டாப்சஸ் என்றார்கள். பின்னர் ராஃபிடோஃபோரா என்றார்கள். 1964-இல் எபிப்ரெம்னம் என்று வந்து நின்றார்கள். பூவைக் கொண்டே பேரினம் காண்பது மரபு. இதுவோ பூக்க மறுக்கும் செடி. கடைகளில் இன்றும் முதற்பெயரே வழங்குகிறது. ஸ்நேக் பிளாண்ட்டையும் மரபணு பார்த்து டிரசீனாவுக்குள் தள்ளிவிட்டார்கள். பெரியோரே இவ்வாறு பெயர்த்து நடும்போது இந்நூலின் பகுப்பில் குறை இருப்பின் பொறுத்துக்கொள்க.

குரோட்டன்ஸ், ரப்பர் செடி ஆகியவற்றை விண்பதியம் போடுவோர் கிளையைத் தாயிடமிருந்து பிரிக்குமுன்பே வேர்விடச் செய்வர். அதனை ஈரத் தேங்காய்நாரும் பாலித்தீன் தாளும் உடையார்வாய்க் கேட்டு அறிக. டீஃபன்பேக்கியாவை வெட்டுவோர் கையுறை இடுக; சாறு பட்ட கையால் உதட்டைத் தொட்டவர் அன்று முழுதும் எதிர்வாதம் செய்ய இயலார்.

லக்கி பேம்பூ எனப்படுவது மூங்கில் அன்று; மத்திய ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஒரு டிரசீனா. அதற்கும் கணு உண்டு, வெட்டி வைத்தால் வரும், தண்ணீரிலேயே வளரும். அதிர்ஷ்டம் வருமா என்பது கைராசியார் நூலில் தேடத்தக்கது.